சொல்லிப் பழகும் அறை

1

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு என் மகள் இறந்துபோவாள்.

இந்த வாக்கியத்திலிருந்துதான் கதை வந்தது. வாசகரை மிரட்டுகிறதே என்று அடித்தேன். வேறு தொடக்கம் அமையவில்லை, திரும்ப வைத்துவிட்டேன். விளக்கம் இவ்வளவுதான்: ஒரு மருத்துவக் கல்லூரியில், மரணச் செய்தியை உறவினரிடம் எப்படிச் சொல்வது என்று மாணவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் பயிற்சி தருகிறார்கள். உறவினராக நடிக்கத் தன்னார்வலர்கள் வேண்டும். நானும் கணவரும் பெற்றோர். மகள், இறந்த பெண். பக்கத்து அறையில் பயிற்சியாளரோடு உட்கார்ந்து, திரையில் எங்களைப் பார்த்தபடி மாணவர்களுக்கு மதிப்பெண் போடுவாள்.

எங்கள் பெயர்களைக் கொடுத்தவள் அவள்தான். அவள் பள்ளி கட்டாயமாகக் கேட்ட சமூக சேவை மணிநேரம் எப்போதோ முடிந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

2

கணவரை எழுதுவதுதான் சிரமம். முதல் வரைவில் கல்நெஞ்சக்காரர் ஆக்கினேன். பொய். வீட்டில் எங்களுக்குள் சண்டைகூட இல்லை. சாவி எங்கே, கேஸ் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான் பேச்சு. அந்த அறையில் மட்டும், செய்தி கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை செய்தி சொன்ன மாணவனே அழுதுவிட்டான். எங்களுக்கு வைத்திருந்த தண்ணீரை அவனுக்குக் கொடுத்து, இவர்தான் முதுகைத் தடவிவிட்டார். [பக்கத்து அறையில் மகள் சிரித்த சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. கதைக்குத் தேவையில்லை. எடுக்க மனமில்லை.]

மாணவன் வெளியேறிய பிறகும் அவர் கையை எடுக்காத ஒரு நாள் உண்டு. அப்போது நான்

(இதைப் பலவிதமாக முடித்துப் பார்த்தேன். நான் செய்தது, கையை விடுவித்துக்கொண்டு கைப்பையைத் தேடியது. அதற்கு மேல் அந்த வாக்கியத்தில் எதுவும் இல்லை.)

3

பிரிவதென்று முடிவெடுத்தோம். மகளிடம் சொல்ல வேண்டும். இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், சொல்லாமல் தள்ளிப்போடுகிறோம். மற்றதில், அவள் முகத்தைப் பார்த்ததும் எங்கள் மனம் மாறுகிறது; இதைப் பத்திரிகைகள் விரும்பும். இரண்டும் நடக்கவில்லை.

நடந்தது இது. ஞாயிறு மதியம். அவர் டிவியை அணைத்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்கப்பா. மார்க் குறைச்சிடுவேன்."

நான்தான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, ஒரே வாக்கியம். சொன்ன பிறகு வாயைத் திறக்காதீர்கள் என்பார் பயிற்சியாளர். திறக்கவில்லை. எல்லாவற்றையும் சரியாகச் செய்தோம். நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

அவள் தன் போனை எடுத்துப் பயிற்சியாளரின் எண்ணைத் தேடினாள். அழவில்லை அவள். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"அப்போ சனிக்கிழமைக்கு வேற குடும்பம் பாத்துக்கச் சொல்லிடவாம்மா?"