எண்பத்தேழு நட்சத்திரம்

என் வாப்பாவின் வலது கால் இரண்டாம் விரலுக்கு மூன்று மாதத் தவணை கொடுக்கப்பட்டது. இரத்தத்தில் சீனி குறைந்தால் புண் ஆறும், குறையாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று கல்முனை கிளினிக்கில் டொக்டர் சொன்னார். விரலின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

அதே கிழமைதான் அந்தக் கிளினிக்கில் எனக்கு வேலை கிடைத்தது. நான் படிக்கிற கம்பஸ் மூடிக் கிடந்த காலம். பதவியின் பெயர் 'டிஜிட்டல் நோயாளர் தொடர்பு அலுவலர்'. பெயர் நீளம் என்பதால் மேசைக்கு இடம் இருக்கவில்லை, நேர்ஸ் சிபானாவின் மேசையில் ஒரு மூலை தந்தார்கள்.

நான் செய்த ஏற்பாடு இதுதான். சீனி வருத்தக்காரர் பகல் சாப்பாட்டுக்கு முன் தங்கள் பீங்கான் தட்டைப் படமெடுத்து கிளினிக் நம்பருக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமையில் விரலில் குத்தி, மெசினில் வரும் இலக்கத்தையும் அதோடு சேர்த்து அனுப்ப வேண்டும். நாளுக்கு ஒரு நட்சத்திரம். உடனே பதில் போகும்: "மாஷா அல்லாஹ், நல்ல தெரிவு. டொக்டர் பார்த்தார்."

டொக்டர் பார்க்கவில்லை. அந்த வசனத்தை நான் ஒரே ஒரு தரம் தட்டி வைத்தேன், அது தானாகப் போய்க்கொண்டிருந்தது. பாண்டிருப்பு சாமித்தம்பி ஐயாவுக்கும் மாஷா அல்லாஹ்தான் போனது. அவர் குறை சொல்லாமல் "நன்றி டொக்டர், முருகன் துணை" என்று திருப்பி அனுப்புவார். பின்னேரத்தில் நான் எல்லாப் படத்தையும் பார்த்து, பிழையானதை டொக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் பேச்சு. இரண்டு கிழமை, பதினாலு நாள், பார்த்தேன். நானூறு முருங்கையிலைச் சுண்டலுக்குப் பிறகு, எல்லாம் நல்லாத்தான் போகுது சேர் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

என் உம்மா ஸுல்பிகாவுக்குச் சீனி வருத்தம் கிடையாது. ஆனால் வாப்பா குரக்கன் பிட்டைத் தனியே சாப்பிடமாட்டார் என்று தானும் அதையே சாப்பிட்டா. பிளேன்டித் தேத்தண்ணீரிலும் சீனியை நிறுத்திவிட்டா. வாப்பாவுக்கு ஊசியென்றால் பயம். அதனால் வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு முதலில் தன் விரலைக் குத்தி, மெசினைப் பிடித்து இலக்கத்தையும் காட்டுவா, வாப்பா போனும் கையுமாக இருப்பார். "பாருங்க, ஒண்டுமில்ல." பிறகு மெசினை வாப்பாவிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவா.

வாப்பாவின் படங்கள் ஒரு நாளும் தவறவில்லை. எண்பதாவது நட்சத்திரத்தில் நான் அவருடைய முகத்தைப் போட்டு, 'எங்கள் நட்சத்திர நோயாளி ஜனாப் காலிதீன்' என்று போஸ்டர் செய்து கிளினிக்கின் பேஸ்புக்கில் ஏற்றினேன். டோஹாவிலிருக்கும் மாமா இதயம் போட்டார். பள்ளிவாசல் வாசலில் மனிசர் வாப்பாவின் கையைப் பிடித்து, குரக்கன் எந்தக் கடையில் வாங்குகிறீர்கள் என்று விசாரித்தார்கள். உம்மா அந்தப் போஸ்டரைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டா.

விரலை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. ஆறிக்கொண்டு வருகிறது, காற்றுப் படக்கூடாது என்று சொக்ஸ் போட்டிருந்தார். வயலுக்குப் போகிற வழியில் நாவிதன்வெளி ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுவதாக எங்களுக்கும் சொன்னார், கிளினிக்குக்கும் சொன்னார். நட்சத்திர நோயாளியை யார் சந்தேகிப்பது?

எண்பத்தேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வாப்பா வயலுக்குத் தண்ணீர் முறை என்று விடியவே போனார். பன்னிரண்டு மணிக்கு அவருடைய குரக்கன் ரொட்டிப் படம் வந்தது, நட்சத்திரமும் போனது. ஒன்றரைக்கு உதுமாலெவ்வை காக்காவின் படம் வந்தது.

உதுமாலெவ்வை காக்கா எங்கள் நோயாளர்களிலேயே நேர்மையானவர். அன்று அட்டாளைச்சேனையில் ஒரு வலீமா கலியாண விருந்தில் இருந்தார். எங்கள் பக்கத்து விருந்துகளில் ஐந்தாறு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து அதிலேயே கை வைத்துச் சாப்பிடுவார்கள். ஆளுக்கொரு பீங்கான் என்று நான் ஏற்பாடு எழுதியபோது, இந்த ஊரில் பிறந்த எனக்கு அது ஞாபகம் வரவில்லை. காக்கா சட்டத்தை மீறாமல் சஹனையே படமெடுத்து, கிளினிக் நம்பருக்குப் பதிலாக, நோயாளர்களும் வீட்டாரும் இருக்கிற குறூப்பில் போட்டுவிட்டார். கூடவே குரல்பதிவு ஒன்று.

"டொக்டர், இது அஞ்சு பேர்ர சஹன். எனக்கு அஞ்சில ஒண்டுதான். நட்சத்திரத்த எப்பிடிப் பங்கு போடுற?"

படத்தின் ஓரங்களில் ஐந்து வலது கைகள். நான்கு கைகள் படத்துக்காகக் காத்திருந்தன. ஐந்தாவது காத்திருக்கவில்லை. அது கோழிக்காலின் அடியில் நுழைந்திருந்தது, சின்ன விரல் மட்டும் வெளிப்பக்கம் வளைந்து நின்றது. நெல் சூடடிக்கிற மெசினில் முறிந்து கோணலாகப் பொருந்திய அந்த விரலை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

குறூப்பின் அட்மின் நான். அழிக்கப் போனேன். அதற்குள் போன் அடித்தது.

"அழிக்காத மனே," என்றா உம்மா. "நான் பாத்திட்டன்."

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா வந்தார். செருப்பில் வயல் சேறு. அட்டாளைச்சேனைக் கலியாண மண்டபத்துக்குப் பக்கத்தில் சேறு எங்கே பிடித்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தண்ணீர் முறை பற்றிக் கொஞ்சம் கதைத்தார். வாய்க்காலில் யாரோ கட்டு வெட்டியிருந்தார்களாம்.

உம்மா கோழியைப் பற்றிக் கேட்கவில்லை. அவருடைய போனை வாங்கி, வெள்ளிக்கிழமைப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்தா. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றொன்று. முதல் மூன்றைத் தவிர எல்லாப் படத்திலும் மெசினைப் பிடித்திருந்த விரலின் நகம் சிவந்திருந்தது, மருதோண்டிச் சிவப்பு. வாப்பா மருதோண்டி போடுகிறவர் அல்ல. ஒரு படத்தை, ஒரேயொரு படத்தை நான் பார்த்திருந்தாலும் போதும்.

"சாப்பாட்டில பொய் சொன்னீங்க, சரி," என்றா உம்மா. "என்ட ரெத்தத்தையுமா உங்கட எண்டு அனுப்பினீங்க?"

வாப்பா அவவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். முதல் மூன்று கிழமையும் ஒழுங்காகத்தான் இருந்தாராம். சீனியில்லாத தேத்தண்ணீரை டொக்டர் பார்க்கிறார் என்ற வெட்கத்திலேயே குடித்தாராம். பிறகொரு நாள் வயலில், ஒட்டுப் போடுகிறவருக்கு அனுப்ப எடுத்த டிரக்டர் டயரின் படம் தவறுதலாகக் கிளினிக் நம்பருக்குப் போய்விட்டது.

"டயருக்கும் நட்சத்திரம் வந்திச்சு," என்றார். "நல்ல தெரிவாம். டொக்டர் பார்த்தாராம். அண்டைக்கு விளங்கிட்டு, அங்கால ஒருத்தரும் இல்லெண்டு. நீயாவது இரிப்பாய் எண்டு ரெண்டு நாள் பாத்தன் மனே. நீயும் இல்ல."

நான் கிளினிக் போனைத் திறந்து பின்னோக்கித் தள்ளினேன். இருந்தது. பின்சில்லு, இடதுபக்கம், ஒரு சாண் வெடிப்பு. இருபத்திமூன்றாவது நட்சத்திரம்.

உம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. டொக்டர் ஒவ்வொரு படத்தையும் பார்க்கிறார் என்று அவவிடம் சொன்னவன் நான். பார்த்து மெச்சினார் என்று ஒரு தரம் கூட்டியும் சொல்லியிருக்கிறேன்.

"சொக்ஸக் கழட்டுங்க," என்றா.

கழற்றும் முன்பே மணம் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். பின்னேரம் வார்டில் வாப்பா சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். உம்மா கதிரையில் இருந்தா. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கதைக்கவில்லை, நான் நடுவில் நின்று, தண்ணி வேணுமாம், வேண்டாமாம் என்று இரு பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொடர்பு அலுவலர் வேலையை ஒழுங்காகச் செய்தது அன்றுதான்.

உம்மா திடீரென்று எழும்பி, வாப்பாவின் போனை எடுத்து, போர்வையை விலக்கினா. கட்டுப் போட்ட காலைப் படமெடுத்தா. கிளினிக் நம்பருக்கு அனுப்பினா. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், ஏனென்றால் இந்த மூன்று நாளும் தானாகப் போகிற அந்தப் பதிலை நிறுத்த எனக்கு ஞாபகம் வரவில்லை.

போன் உடனே சத்தம் போட்டது. உம்மா எழுத்துக்கூட்டி வாசித்தா, வாப்பாவுக்கும் கேட்கிற மாதிரி.

"மாஷா அல்லாஹ், நல்ல தெரிவு. டொக்டர் பார்த்தார்."

எண்பத்தெட்டு.

போனை என் கையில் வைத்தா.

"இதையும் ஒரு போஸ்டர் அடி மனே," என்றா. கீழே கடையில் தேத்தண்ணீர் குடிக்கப் போனா. எங்கள் இரண்டு பேரிடமும் வேணுமா என்று கேட்கவில்லை.