ரிஜெக்ட் பீஸ்

மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் பச்சை சோப்புக் கட்டியைத் தேய்த்துவிட்டு, வேதநாயகி அடுத்த பீஸை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். உள்ளங்கை அகலத்தில், லாடம் போல வளைந்த உலோகம். மனிதரின் முழங்காலுக்குள் வைப்பது. முகம் தெரிகிற பளபளப்பு வரும்வரை விடக்கூடாது. பெங்களூர் பீன்யாவில் இந்த ஷெட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே வேலை. இவையெல்லாம் யாருக்குப் போகின்றன என்று அவள் யோசித்ததில்லை. புருஷனுக்கு அடிபட்ட பிறகு வேறு யோசனையே இல்லை.

அர்ஜுனன் வெல்டர். குஜராத் பூகம்பத்துக்கு மறு வருஷம், வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக் கட்டடத்துக்கு இரும்புச் சட்டம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தூணும் உத்தரமும் சேரும் மூலையில் குறுக்காக ஒரு குட்டை இரும்புத் துண்டு. சைட்டில் அதற்கு 'முட்டி' என்று பேர். பூமி ஆடினால் அது மட்டும் வளைந்து கெடும், கட்டடம் நிற்கும், அப்புறம் அதைக் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம் என்று இன்ஜினியர் சொன்னதை அவன் வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னான். தூக்கும்போது கொக்கி நழுவி, அந்தத் துண்டுகளில் ஒன்றுதான் அவன் வலது முழங்காலில் விழுந்தது. மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார். மறுநாள் அவன் இடத்தில் வேறு வெல்டர் நின்றான்.

எலும்பு கூடியது, மூட்டு சரியாகவில்லை. கக்கூஸுக்குப் போகக்கூட அவளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான்.

"செயற்கை மூட்டு வெச்சா நடப்பாரு. இங்க ஸ்டாக் இல்லம்மா. நீங்க வெளிய வாங்கிட்டு வந்தா நான் போட்டுடறேன்" என்றார் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர்.

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு அவள் சூப்பர்வைசர் சுந்தரேசனிடம் போனாள்.

"ரிஜெக்ட் ஆனது ஒண்ணு குடுங்க சார். எங்க வீட்டுக்காரருக்கு."

"பழைய பாத்திரமா கேக்கறே? அதெல்லாம் உருக்கப் போறது. ஒண்ணு வெளிய போனா என் வேலை போயிடும்மா."

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் ரிஜெக்ட் டிரேயிலிருந்து ஒன்றை எடுத்தாள். ஓரத்தில் கடுகளவு குழி. அது மறையும்வரை சக்கரத்தில் தேய்த்தாள். டிபன் பாக்ஸில் மிச்சச் சோற்றுக்கு அடியில் வைத்து, வாட்ச்மேனிடம் மூடியைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வந்தாள்.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க கிடைச்சுது?"

"வாங்கினேன் சார்."

அவள் நகக்கண்களில் பச்சை சோப்பு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் பீஸை மேஜைமேல் வைத்தார்.

"இது மேல்பாதி மட்டும்தாம்மா. கீழ தட்டு வேணும், நடுவுல பிளாஸ்டிக் வேணும், எல்லாம் ஒரே செட்டா அவர் அளவுக்கு இருக்கணும். இதுல ஒரு பக்கம் தேஞ்சும் போயிருக்கு."

"ஒரு புள்ளி இருந்துச்சு சார். நான்தான் தேய்ச்சு எடுத்தேன். கைய வெச்சுப் பாருங்க, சுத்தமா இருக்கு."

"தேய்ச்சதால அளவு போச்சு. இதை வெச்சா உள்ளேயே அரைச்சுக் காலைக் கெடுத்துடும்."

"வேற கொண்டாரேன் சார். தேய்க்காம கொண்டாரேன். கீழ்த் தட்டும் பக்கத்து ஷெட்லதான் பண்றாங்க..."

"வேண்டாம்மா. மாட்டிக்குவே." அவர் அதைக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் வைத்தார். "ராடு போட்டு எலும்பை ஒட்ட வெச்சிடறேன். வலி போயிடும். ஆனா கால் மடங்காது."

"மடங்காம எப்படி சார் குந்தி வெல்டிங் அடிப்பாரு?"

அவர் அடுத்த சீட்டை எடுத்தார். நர்ஸ் வேறு பெயரைக் கூப்பிட்டாள்.

மறுநாள் பீஸை டிரேயில் போட்டுவிட்டாள். போனதும் யாருக்கும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, வீட்டுக்கு, ஸ்ரீராம்புரம் போகிற பஸ்ஸில் அவனை நடைவழி ஓரமாக உட்கார வைத்தாள். வலது கால் கட்டை மாதிரி நடைவழியில் நீட்டிக்கொண்டு நின்றது.

"ஏய், காலு மடச்கோ! ஜன ஹெங்க ஓடாடபேக்கு?" என்று காலை மடக்கி வழிவிடச் சொல்லிக் கண்டக்டர் கன்னடத்தில் கத்தினார்.

"ஆகல்லா சார்" என்றான் அர்ஜுனன், ஜன்னலைப் பார்த்தபடி.

யாரோ தடுக்கித் திட்டினார்கள். வேதநாயகி சீட்டைவிட்டு இறங்கி நடைவழியிலேயே குந்தி, அவன் குதிகாலை மடியில் ஏந்திக்கொண்டாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிய ஒருவன் அவள் தோளைக் கையால் ஊன்றித் தாண்டிப் போனான். பின்னால் வந்தவர்களும் அப்படியே அவளைப் பிடித்துத் தாண்டினார்கள்.