ஏழாம் லைனும் முப்பத்தாறு படங்களும்

வைட்ஃபீல்டுக்கு ஐடி ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறவன் உத்தமன். தினமும் அவன் வேனில் வந்துகொண்டிருந்த சிந்து என்ற பெண், வெளிநாட்டில் வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்தபோது, ஒரு பழைய ஃபிலிம் கேமராவை அவனிடம் கொடுத்துவிட்டாள்.

“எங்கப்பா வாங்கினதுண்ணா. ஓடுதான்னு தெரியல. தூக்கிப்போட மனசு வரல.”

உத்தமன் அதை நீலசந்திராவில் இருந்த தன் வீட்டில் டிவி பக்கத்தில் அழகுக்கு வைத்தான். அவன் மனைவி மகா இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் எடுத்து மடியில் வைத்து, லீவரை இழுத்துப் பட்டனை அமுக்கினாள். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

“ஏங்க, இது ஓடுது” என்றாள்.

மகா ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில், ஏழாம் லைனில், பதினான்கு வருடமாகச் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். மெஷின் எங்கே மக்கர் பண்ணுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அந்தக் கேமராவின் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போனது.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் வீடியோ பார்த்துக் கற்றாள். பேட்டரி இடுக்கில் பச்சையாகப் பூத்திருந்ததை வினிகர் தொட்டுத் துடைத்தாள். அப்படியும் வெளிச்சத்தை அளக்கும் முள் அசையவில்லை. சரி, கண்ணாலேயே அளக்கப் பழகலாம் என்று முடிவு செய்தாள். வெயிலுக்கு எவ்வளவு, மர நிழலுக்கு எவ்வளவு, டியூப்லைட்டுக்கு எவ்வளவு என்று முதலில் தானே ஒரு கணக்குப் போட்டு, பிறகு போனில் சரிபார்த்து, ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். ஃபோகஸ் அவளுக்கு உடனே வந்துவிட்டது. கேமரா வழியே பார்க்கும்போது நடு வட்டத்தில் உடைந்து தெரியும் உருவத்தை ஒன்றாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். கட்டம் போட்ட துணியில் கட்டத்தோடு கட்டம் பொருத்தித் தைக்கிறவளுக்கு அது பெரிய காரியமில்லை.

ஆனால் முதல் ரோலில் ஒரு படம்கூட இல்லை.

“ஃபிலிம் ஓடவே இல்லீங்க. உள்ள சரியா மாட்டல” என்றான் க்ளென். கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு சின்ன அறையில் ஃபிலிம் கழுவித் தருகிறவன். அவனிடம் காலாவதியான ஒரு ரோலைக் கேட்டு வாங்கிவந்து, கண்ணை மூடிக்கொண்டே மாட்ட வரும்வரை மாட்டிப் பழகினாள் மகா. லீவரை இழுக்கும்போது இடப்பக்கத் திருகு கூடவே சுற்றினால்தான் ஃபிலிம் ஓடுகிறது என்று அர்த்தம். அதையும் நோட்டில் எழுதினாள்.

இரண்டாவது ரோலில் படங்கள் வந்தன. ஆனால் எல்லாவற்றிலும் ஓரமாக ஆரஞ்சுத் தீற்றல்.

“பின்கதவுல இருக்கற பஞ்சு செத்துப்போச்சு. வெளிச்சம் உள்ள பூருது. சர்வீஸ்க்கு அனுப்பினா மூணு மாசம் ஆகும்” என்றான் க்ளென்.

மகா அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தாள். பழைய பஞ்சு தார் மாதிரி ஒட்டியது. ஸ்பிரிட்டில் நனைத்த பல்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினாள். உள்ளே இருக்கும் கண்ணாடியிலும் ஷட்டர் திரையிலும் விரல் படாமல் பார்த்துக்கொண்டாள். கதவின் கீல் பக்கம் கறுப்பு வெல்வெட்டை நூல் பிசகாமல் வெட்டி ஒட்டினாள். குறுகலான பள்ளங்களில் கறுப்புக் கம்பளி நூலை வைத்து அழுத்தினாள். மதியச் சோற்றை உத்தமன்தான் வடித்தான்.

மூன்றாவது ரோலில் ஒரு தீற்றல்கூட இல்லை. க்ளென் கேமராவைத் திறந்து பார்த்தான்.

“யாரு பண்ணது இது?”

“நான்தான்.”

“இவ்ளோ நேரா வெட்டியிருக்கீங்களே!”

“எனக்கு அதானே வேலை” என்றாள் மகா.

அந்த மாதக் கடைசியில் ஜூலியா ஓய்வுபெற இருந்தாள். முப்பத்தொரு வருடம் சட்டைக்குக் கை பொருத்தியவள். லைனில் எல்லோருக்கும் அவள் ஜூலியாக்கா. கம்பெனியில் போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் ஜூலியா தன் மெஷினோடு இருக்கிற படம் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. யாருக்குமே கிடையாது.

மகா ஹெச்.ஆர். லவினா மேடத்தின் முன்னால் போய் நின்றாள்.

“கேமராவா? ரூல்ஸ் தெரியுமில்ல மகா?”

“போன்தானே மேடம் கூடாது? இதுல சிம் இல்ல, நெட் இல்ல. ஃபிலிமைக் கழுவினாத்தான் படமே வரும். பையருக்கு அனுப்பற சரக்கெல்லாம் துணி போட்டு மூடிடறோம். கழுவினதும் முதல்ல உங்ககிட்டதான் காட்டுவேன்.”

லவினா சிறிது யோசித்தார். “வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் கால் மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது.”

வெள்ளிக்கிழமை லைனே தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மகாவைத் தவிர முப்பத்து நான்கு பேர். டியூப்லைட்டில் கலர் பச்சையடிக்கும் என்று மகா கறுப்பு வெள்ளை ஃபிலிம் வாங்கியிருந்தாள். மாட்டி, மூடி, லீவரை இழுத்தாள். திருகு சுற்றவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். அப்போதும் சுற்றவில்லை.

“பேக பேக!” என்று அவசரப்படுத்தினார் சூப்பர்வைசர் சிவலிங்கையா. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டே நிமிஷம் சார்” என்றாள் மகா. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கதவைத் திறந்து ஃபிலிம் முனையை எடுத்து மறுபடி செருகினாள். மூடி லீவரை இழுத்தபோது திருகு சுற்றியது.

ஆளுக்கு ஒரு படம். இரண்டாவது எடுக்க ஃபிலிமும் இல்லை, நேரமும் இல்லை. “மெஷின்ல கை வைங்க. என்னைப் பார்க்க வேணாம், தையலைப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தாள். எப்போதும் கூன்போட்டு உட்காரும் பெண்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். ஜூலியாவின் முறை வந்தபோது அவள் பொருத்திக்கொண்டிருந்த சட்டைக் கையின் மேல் குனிந்தாள். முகத்தில் வேலை நேரத்துக் கண்டிப்பு வந்துவிட்டது. மகா மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள்.

“உன்ன யாருடி எடுப்பா? குடு இங்க” என்று ஜூலியா கேமராவை வாங்கினாள். மகா எல்லாவற்றையும் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு ஓடிப்போய்த் தன் மெஷினில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரு படம் மிச்சம் இருந்தது. சிவலிங்கையா கடிகாரத்தை விட்டுவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூப்பிடாமலே வந்து நின்றார். லைன் முழுக்கச் சிரித்தது.

முப்பத்தாறும் வந்தன. இரண்டு கொஞ்சம் ஆடியிருந்தன. ஒருத்தி கண்ணை மூடியிருந்தாள். மகாவின் படம் லேசாகச் சாய்ந்திருந்தது. லவினா மேடம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜூலியாவின் படத்தை மட்டும் மேஜைமேல் தனியாக எடுத்து வைத்து, திரும்பவும் பார்த்தார்.

வழியனுப்பும் நாளில் படங்களைக் கொடுத்தார்கள். ஜூலியா கையை நீட்டித் தன் படத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“கம்பெனிய நடத்தறவ மாதிரி இருக்கேன்ல மகா?”

“நீங்கதானேக்கா நடத்துனீங்க.”

ஜூலியா மகாவின் கன்னத்தை அழுந்தக் கிள்ளினாள். பிறகு தன்னோடு நின்ற ஒவ்வொருத்தியிடமும் படத்தைக் கொண்டுபோய்க் காட்டி, “இவ எடுத்தது, நம்ம மகா” என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர்களிடமும் அவரவர் படம் இருந்ததையோ, அதையும் மகாதான் எடுத்தாள் என்பதையோ அவள் பொருட்படுத்தவில்லை.

சாயங்காலம் லவினா கூப்பிட்டனுப்பினார். “நாலாம் லைன்ல கேக்கறாங்க மகா. ஒன்பதாம் லைன்லயும். அடுத்த வெள்ளிக்கிழமை முடியுமா?”

“முடியும் மேடம். ஆனா கால் மணி நேரம் பத்தாது. அரைமணி வேணும். மெஷின் எல்லாத்தையும் நிறுத்தணும், ஆட்டம் இருந்தா படம் கெடும்.”

இத்தனை வருடத்தில் அந்த அறையில் நின்று அவள் எதையும் ‘வேணும்’ என்று கேட்டதில்லை. லவினா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, வெள்ளிக்கிழமைக்கு நேராக அரைமணி என்று எழுதிக்கொண்டார்.