சொல்லிவிட்டு மூடிய ஸ்டுடியோ

சித்தூரிலிருந்து ரோஹிணி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைத் தினமும் காலைக் காபியோடு கேட்பாள் அவள் அக்கா இந்திராணி. தங்கை இறந்து ஒரு வருஷமாகியும் திருப்பதி வீட்டில் அந்த வழக்கம் நிற்கவில்லை. இன்று ஆப்பைத் திறந்தால் ஒன்றுமில்லை. ஆப்பை மூடுவதால் பழையவற்றை அழித்துவிட்டதாகக் கம்பெனிக்காரன் போட்ட ஒரு வரி மட்டும் இருந்தது.

“சும்மா குடுத்த ஆப்புதானே. காசா கட்டினே?” என்றார் கணவர் விஜயராகவன்.

“நம்ம கல்யாண நெகட்டிவ வச்சிக்கினு இருந்தாரே சித்தூர் ஸ்டுடியோக்காரரு, அவருக்கு வாடகை கட்டினோமா? கடைய மூடறதுக்கு முன்னாடி, வந்து வாங்கிக்கினு போங்கன்னு பஸ் கண்டக்டர்கிட்ட சொல்லி அனுப்பினாரு.”

“அவரு நம்மூர்க்காரரு. இந்த ஆப்புக்காரன் எந்த ஊரோ.”

“எந்த ஊரா இருந்தா இன்னா? மூடிக்கட்டும், வேணான்னு சொல்லல. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்து வச்சிக்கினு இருப்பேன்.”

அவர் பீரோவிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து பிரித்தார். ஒரு போட்டோவில், பந்தியில் அக்காவின் காதருகே குனிந்து ரோஹிணி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இன்னா சொன்னா அப்போ?”

“‘அக்கா, மாமா உன்ன பாக்கல, பாயசத்தையே பாத்துக்கினு கீறாரு.’” தங்கையின் கீச்சுக் குரலிலேயே சொன்னாள் இந்திராணி.

“இன்னொரு தடவை சொல்லு” என்றார் அவர்.