பதினொரு தலைவர்களும் ஒரு கிணறும்

வாடைக்காற்று பனைகளின் உச்சியை உலுக்கி ஓலைகளைச் சலசலக்கச் செய்ய, செல்வச்சந்நிதிக் கோயிலிலிருந்து எழுந்த காலைப் பூசையின் மணியோசை கடல்நீரேரியின் மேல் தவழ்ந்து சென்று எதிர்க்கரைத் தாழம்புதர்களில் அடங்க, இரவு முழுதும் பெய்து ஓய்ந்த கார்த்திகை மழையின் ஈரத்தை வெண்மணல் இன்னும் விடாது பற்றிக்கொண்டிருக்க, கீழ்வானம் மெல்லச் சிவந்து வந்த விடியற்பொழுதிலே, தொண்டைமானாற்றின் வாயருகே நாற்பது குடிகள் வாழ்ந்த சிற்றூர் ஒன்று, தன் ஒரே நன்னீர்க் கிணற்றைச் சூழ்ந்து நின்றது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு. கடலுக்கும் கிணற்றுக்கும் இடையே முன்னோர் எழுப்பி வைத்த மண்ணணையை நான்கு நாள் முன்னர் அடித்த புயல் எழுபத்திரண்டு பாகம், அதாவது எழுபத்திரண்டு ஆள் கைவிரித்த தூரத்துக்குப் பிய்த்தெறிந்திருந்தது. விளக்கீட்டு நாளின் முழுமதிக்கு இன்னும் பத்து நாளே இருந்தது. அன்று கடல் பொங்கி உள்ளே வந்தால் கிணறு உவரேறிவிடும், உவரேறிய கிணறு மீள ஆண்டுகள் பல ஆகும், அதுவரை அந்த நாற்பது குடிகளுக்கும் குடிக்க வேறு நீரில்லை.

ஆண்களிற் பெரும்பாலோர் மன்னார்க் கரையில் வாடி என்னும் தங்குகுடிசையடித்து மீன்பிடிக்கப் போயிருந்தனர். எஞ்சியிருந்த கைகளோ அணையில் பத்துப் பாகம் கட்டவும் போதா. ஆகவே பொறுப்பு, மாதர் முன்னேற்றக் கழகத்தின் செயலாளரான பத்மாவதியின் தலையில் வந்து விழுந்தது. முப்பத்தெட்டு அகவையுடைய அவளுக்கு நடை விரைவு, நாக்கு அதனினும் விரைவு. பிறர் பத்து நாள் கூடிப் பேசுவதை அவள் பத்து நொடியில் முடிவுசெய்து, பின்னர் பத்து நாள் அதற்காக வருந்துவாள்.

யாழ்ப்பாணத்து ஊர்களின் இயல்பை அறிந்த அன்பர்க்கு யான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊருக்கொரு வாசிகசாலை, வாசிகசாலைக்கொரு கழகம், கழகத்துக்கொரு தலைவர். பிறர்க்கு உதவுவதில் எவரும் எவர்க்கும் குறைந்தவரல்லர், ஆயின் ஓர் ஊரார் மற்றோர் ஊராரின் தலைமையின்கீழ் ஓர் ஓலைக் கடகம் மண்ணும் சுமக்கமாட்டார். முந்திய ஆண்டு மூன்று ஊர்கள் கூடி ஒரு வீதி வெட்டத் தொடங்கி, அறிவிப்புப் பலகையில் எந்த ஊரின் பெயரை முதலில் எழுதுவது என்று முரண்பட்டுப் பிரிந்தன. அந்த வீதி அப்பொழுதும் ஒரு பனங்காட்டின் நட்டநடுவே போய், யாரையோ எதிர்பார்ப்பதுபோல நின்றுகொண்டிருந்தது.

இதனை நன்கறிந்த பத்மாவதி, அஞ்சலில் மடல் விடுத்தால் மதிப்புக் குறைவென்று கருதுவர் என எண்ணி, வெற்றிலைத் தட்டத்தைத் துணியால் மூடிக் கையிலேந்திப் பேருந்தேறிப் புறப்பட்டாள். முதலிற் சென்றது கோப்பாய்க்கு. அவ்வூர்க் கழகத்தின் தலைவர் ஏரம்பு ஐம்பத்தைந்தைக் கடந்தவர், வெங்காயமும் புகையிலையும் பயிரிட்டு வாழ்பவர், தோட்டத்திற் குனிந்த முதுகைக் கூட்டங்களில் மட்டும் நிமிர்த்தி வைத்திருப்பவர். வெற்றிலையை எடுத்துக்கொண்டு, அணை உடைந்த கதையை அவள் சொல்லப் பொறுமையோடு கேட்டார்.

"அதுக்கென்ன பிள்ளை, வாறம். ஆர் தலைமை?"

அவள் நாக்கு, மனம் எழுந்து வருமுன்னரே விடை சொல்லிவிட்டது.

"நீங்கள்தான் அண்ணை."

அவர் முகம் மலர்ந்தது. அம்மலர்ச்சியைக் கண்ட பத்மாவதிக்கு வழி தெரிந்துவிட்டது. அல்லது தெரிந்துவிட்டதென்று நினைத்தாள். அடுத்த ஊரிலும் அதையே சொன்னாள், அதற்கடுத்த ஊரிலும் அதையே சொன்னாள், காங்கேசன்துறைக் கழகத் தலைவர் இராசநாயகத்திடம் சொல்லி முடித்தபோது பதினொரு ஊர்களுக்குப் பதினொரு தலைமை கொடுத்தாகிவிட்டது. தலைவர்கள் வந்தால் அவர்கள் பின்னே ஊர்கள் வரும், ஊர்கள் வந்தால் மண்வெட்டிகள் வரும் என்பது அவள் கணக்கு. திரும்பி வந்து அயல்வீட்டுத் தங்கமுத்துவிடம் சொன்னபோது, அவள் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எடியே, பதினொரு பேரும் ஒண்டாய் வந்து நிண்டால் என்னடி செய்வாய்?"

 அன்றிரவும் அதன்பின் வந்த இரவுகளிலும் பத்மாவதிக்கு உறக்கம் வரவில்லை.

குறித்த நாள் வந்தது. விளக்கீட்டுக்கு இன்னும் இரண்டு நாள். காலை எட்டு மணிக்கெல்லாம் வாடகைக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மணல்வீதியில் வந்து நின்றன. வெளுத்த வேட்டியும் மடித்த சால்வையும் நெற்றியில் திருநீறும் சந்தனமும் பொலிய, மடியில் மடித்து வைத்த பேச்சுத்தாளோடு, பதினொரு தலைவர்களும் இறங்கினார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று பேர் துணைக்கு வந்திருந்தார்கள், அவர்களிற் சிலர் கையில் மாலை இருந்தது. மண்வெட்டி ஒன்றுகூட இல்லை. வெற்றிலை வைத்து அழைத்தால் நம்மவர் எதற்கு வருவர்? விழாவுக்கு வருவர். பிறந்த நாள் முதல் அறிந்த அவ்வழக்கத்தைப் பத்மாவதி பதற்றத்தில் மறந்துபோனாள். அதைவிடக் கொடுமை, அவ்வூரில் இருந்ததோ ஒரே ஒரு நாற்காலி. அதனருகே ஒருவரை ஒருவர் பார்த்தபடி அவர்கள் நின்ற நிலையை எண்ணினால் எனக்கு இப்பொழுதும் சிரிப்பு வருகிறது. 

"அவர் தலைமை எண்டால், என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்று, நாற்காலியை நோக்கி அடியெடுத்து வைத்த ஏரம்புவைச் சுட்டி இராசநாயகம் கேட்டார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று அவள் கைகூப்பினாள்.

"நான் பொய் சொன்னனான். பதினொரு பேருக்கும் ஒரே பொய்தான். மண்ணள்ள வாங்கோ எண்டு கேட்டால், ஆரின்ரை தலைமையிலை எண்டு கேப்பியள் எண்டு பயந்திட்டன். என்னை எவ்வளவும் ஏசுங்கோ. ஆனால் எங்கடை கிணத்தை ஒருக்கால் பாத்திட்டு ஏசுங்கோ."

சிலர் சால்வையை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தனர். இராசநாயகத்தின் முகம் சிவந்திருந்தது. ஏரம்பு மட்டும் அசையாது நின்றார்.

"ஒரு வாளி அள்ளு பிள்ளை," என்றார்.

அள்ளிக் கொடுத்தாள். அவர் கையில் ஏந்திக் குடித்து, விழுங்காமல் நாவில் நிறுத்தி, கண்மூடி நின்றார். அன்பரே, தோட்டக்காரன் நாவை எளிதாக எண்ணற்க. அவருடைய கிணறும் ஒருகால் உவரேறி, மூன்று போகம் வெங்காயம் நுனி கருகிச் செத்ததை, அச்செடிகளைப் பிடுங்கிய கை மறந்தாலும் அந்த நாக்கு மறக்கவில்லை.

"உவர் தொட்டிட்டுது," என்றார் மெதுவாக. "இப்ப மெல்லிசாய்த்தான். விளக்கீட்டுப் பறுவத்துக்குக் கடல் ஏறினால் சரி, முடிஞ்சுது." வாளியை இராசநாயகத்திடம் நீட்டினார். "நீரும் குடிச்சுப் பாரும்."

இராசநாயகம் குடித்தார். வாளி கைமாறியது. காரில் ஏறியவர்களும் இறங்கி வந்து குடித்தார்கள். அதன்பின் நாற்காலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"தலைமையைப் பிறகு பாப்பம்," என்று ஏரம்பு சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "கார் சும்மாதானே நிக்குது? ஊருக்குப் போய்ப் பெடியளையும் மண்வெட்டி கடகங்களையும் ஏத்திக்கொண்டு வாங்கோ."

நண்பகலுக்குள் முந்நூறு பேர் திரண்டனர். பதினொரு ஊரும் அச்சிற்றூருமாகப் பன்னிரண்டு. ஊருக்கு ஆறு பாகம் என்று கயிறு பிடித்து அளந்து பிரித்தார்கள். பிரித்ததுதான் தாமதம், வழமையான போட்டி பிறந்துவிட்டது. காங்கேசன்துறையார் அடியில் கடலில் எடுத்த முருகைக்கல் அடுக்கக் கண்ட கோப்பாயார், கேட்டுப் படிக்க வெட்கப்பட்டு எட்டி எட்டிப் பார்த்துத் தாமும் அடுக்கினர். ஓரூரார் பனங்குற்றி இறக்கினால் அடுத்தவூரார் இரண்டு இறக்கினர். தங்கமுத்துவும் மற்றப் பெண்களும் மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சம்பல் அரைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, தம் பங்கு ஆறு பாகத்துக்கும் மண் சுமந்தனர். மறுநாள் மாலைக்குள் அணை எழுந்துவிட்டது.

பத்மாவதி மகிழ்ச்சி தாங்காது அதன்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். நடுவழியில் நின்றாள். ஒவ்வோரூரின் ஆறு பாகமும் கோயில் மதில்போல நிமிர்ந்திருந்தது. ஓரூரின் பங்கு முடிந்து அடுத்ததன் பங்கு தொடங்கும் இடத்திலோ, எவர் மண்ணும் விழாமல் ஒரு சாண் அகல இடுக்கு விடப்பட்டிருந்தது. அது எங்களதன்று என்று இவர்கள் விட, எங்களதன்று என்று அவர்களும் விட, பதினொரு இடுக்குகள். அவற்றுள் இரண்டில் கடல்நீர் ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்தது.

இம்முறை அவள் பொய் எதனையும் தேடவில்லை.

"ஆறு பாகமும் உங்கடைதான், வடிவாய்க் கட்டியிருக்கிறியள்," என்று உரக்கச் சொன்னாள். "உந்தப் பொருத்து ஆரின்ரை? கடல் வாறது உதுக்குள்ளாலைதான்."

களைத்து அமர்ந்திருந்த முந்நூறு பேரும் ஒருவரையொருவர் பார்த்தனர். ஏரம்பு எழுந்தார். தம் ஊரின் எல்லைக்குச் சென்று இடுக்கில் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்றபடி மறுபுறம் நோக்கி, "இராசநாயகம், உங்காலைப் பக்கத்தாலை நீர் மண் தாரும். தனிய இது அடைபடாது," என்றார். இராசநாயகம் ஒரு கடகம் மண்ணோடு தாமே இறங்கினார். பிறகு எவரும் எவரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. பொழுது சாய்ந்து கைகள் கண்ணுக்குத் தெரியாது மங்கும்வரை, எந்த மண் எந்த ஊரது என்று பிரித்தறிய முடியாதபடி பதினொரு பொருத்துகளையும் மிதித்து மிதித்து இறுக்கினார்கள். பத்மாவதி கரையில் நின்று அழுதாள், அழுவதை மறைக்கவுமில்லை.

விளக்கீட்டன்று கடல் பொங்கி அணையின் தோள்வரை ஏறி, இரவெல்லாம் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மறுநாள் முதற் பேருந்தில் ஏரம்பு வந்திறங்கி, நேரே கிணற்றடிக்குப் போய்க் குடித்துப் பார்த்தார்.

"உவர் கூடேல்லை. தை பிறக்க மழைத்தண்ணி ஊறி நல்லாய் வந்திடும்," என்றார். பின்பு அவளை நோக்கி, "எனக்குத் தாறன் எண்ட தலைமை எங்கை பிள்ளை?" என்று கேட்டுச் சிரித்தார்.

அச்சிரிப்பிலிருந்தே பன்னிரண்டு ஊர்க் கழகங்களின் ஒன்றியம் பிறந்தது. ஆண்டுக்கு மாதம் பன்னிரண்டு, ஊரும் பன்னிரண்டு. மாதத்துக்கோர் ஊர் தலைமை என்று முடிவாயிற்று. பத்மாவதி சொன்ன பொய்கள் மாதத்துக்கொன்றாக மெய்யாகிவிட்டன. பனங்காட்டில் நின்றுபோன வீதியும் ஒரு பெயர்ப்பலகையும் இல்லாமலே அடுத்த ஆண்டில் முடிந்தது. ஒன்றியத்தில் எவ்வூரும் தன் பெயரை விடவில்லை, தன் பெருமையையும் விடவில்லை; விடச்சொல்லி எவரும் கேட்கவுமில்லை. ஓரூர்க்கும் மற்றோரூர்க்கும் நடுவே எவருக்கும் உரியதல்லாது கிடக்கும் வேலையைத் தேடிப் பிடித்து இருபுறத்தாரையும் அதில் இறக்குவது ஒன்றே ஒன்றியத்தின் தொழிலாயிருந்தது. பின்வந்த ஆண்டுகளில் மழையும் அலையும் அந்த அணையை அங்கங்கே தேய்த்தன. அவ்வவ்வூரார் வந்து தத்தம் பங்கைத் திருத்திச் சென்றனர். பதினொரு பொருத்துகளில் மட்டும் ஒரு நாளும் மண்வெட்டி வைக்க நேரவில்லை.