ஆறுச்சாமியின் சட்டை வெள்ளையா?

1

இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையிலிருந்து கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல முடியாது, என் மேசையில்தான் நடந்தது. மட்டாஞ்சேரி பஜாரில் ஓர் அரிசி மண்டிக்கு மேல்மாடியில் பழைய பிலிம்களை ஸ்கேன் செய்து, கெட்டுப்போன நிறத்தைச் சரிசெய்து கொடுக்கிறேன். மலையாளத்தில் எழுதினால் எனக்குப் பிழை குறையும். ஆனால் சண்டை தமிழில் நடந்தது, என்ன செய்ய.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மஞ்சள் என்பது வெறும் நிறமல்ல, அது

வேண்டாம். இப்படித் தொடங்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

2

மகாவுக்கு முப்பது வயது, வைட்டிலாவில் ஓட்டல் வேலை. அவள் அப்பா ஆறுச்சாமி, மாநகராட்சித் துப்புரவு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பின்னாலேயே படியேறி வந்தார். கொண்டுவந்தது ஒரே ஒரு நெகட்டிவ். மகாவுக்குக் கோயிலில் காது குத்திய நாள். அம்மா முப்பிடாதியின் மடியில் மொட்டைத் தலையோடு மகா, பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஆறுச்சாமி. அடுத்த மாதமே முப்பிடாதி மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். நோய் திடீரென்று வந்தது, யாருக்கும் முன்னால் தெரியாது என்பதுதான் வீட்டில் சொல்லிவந்தது.

[மகாவை ரொம்பச் சாதுவாகக் காட்டிவிட்டேனோ? அன்று அவள் அப்படி இல்லை.]

3

பழைய பிலிமில் ஏதாவது ஒரு நிறம் படம் முழுக்கப் படர்ந்திருக்கும். நீக்குவது சுலபம். படத்தில் நிச்சயமாக வெள்ளையான ஒன்றைச் சுட்டி, இதுதான் வெள்ளை என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். மற்ற நிறங்கள் அதையொட்டி மாறிக்கொள்ளும். நான் ஆறுச்சாமியின் சட்டையைச் சுட்டினேன்.

முப்பிடாதியின் கண்கள் மஞ்சளாயின.*

"அம்மாக்கு அன்னைக்கே மஞ்ஞப்பித்தம் இருந்திருக்கு சேச்சி," என்றாள் மகா. பிறகு அப்பாவிடம், "கண்ணைப் பாருங்க. நீங்க பக்கத்துலதானே நிக்கிறீங்க?"

"அவ மஞ்ச தேய்ச்சுக் குளிப்பா."

"கண்ணுக்குள்ளயுமா?"

(* பூசிய மஞ்சள், நோயின் மஞ்சள், பிலிம் கெட்ட மஞ்சள். கணினிக்கு மூன்றும் ஒன்றுதான். எனக்கும் பல நாள் அப்படித்தான்.)

4

முதல் பிரதியை இங்கேயே முடித்திருந்தேன்: ஆறுச்சாமி அழுகிறார், மகா மன்னிக்கிறாள். பொய். அவர் அழவில்லை. திரைக்கு அருகே குனிந்து தன் சட்டையையே பார்த்தார்.

"மோளே, இது வெள்ளை இல்ல," என்றார் என்னிடம். "நீலம் போட்டது. கோயில்ல எல்லாரும் சிரிச்சாங்க."

வெள்ளைத் துணியை அலசி, சொட்டு நீலம் விட்ட தண்ணீரில் முக்கியெடுப்பது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான். எனக்கு அது தோன்றவேயில்லை. நீலமான துணியை வெள்ளை என்று சொன்னால் கணினி படம் முழுவதிலிருந்தும் நீலத்தை எடுத்துவிடும், மிச்சமெல்லாம் மஞ்சளாகும். சட்டையின் நீலத்தை விட்டுவைத்துத் திரும்பவும் செய்தேன். முப்பிடாதியின் கண்கள் வெள்ளையாயின. ஆறுச்சாமிக்கு மூச்சு வந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது, எதற்கென்று தெரியவில்லை.

"எவ்வளவு விடணும்னு தெரியாம குப்பியவே கவுத்துட்டேன்," என்று சிரித்தார்.

"நீங்களா தொவைச்சீங்க?" என்றாள் மகா.

"ஆமா."

"அம்மா?"

"அவ படுத்திருந்தா. ரெண்டு வாரமா எந்திரிக்கவே"

இதை நான் வெட்டவில்லை. அவர்தான் அங்கே நிறுத்தினார்.

5

எனக்குக் குழப்பமாக இருக்கிறது. கண் வெள்ளை என்றால் காமாலை அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கண் வெள்ளையாக வேண்டுமானால் சட்டை நீலமாக இருக்க வேண்டும். சட்டை நீலம் என்றால், அவள் இரண்டு வாரம் படுத்துக் கிடந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு முடிவுகள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் மகா நெகட்டிவைக் கத்தரிக்கிறாள். அதுவும் பொய்.

நடந்தது இவ்வளவே. படியிறங்கப் போன ஆறுச்சாமி திரும்பி, "எது நெசமோ அதை அவளுக்குக் குடு மோளே," என்றார்.

இரண்டு படங்களையும் அச்செடுத்துவிட்டேன். மேசையில் இருக்கின்றன. மகா வாசலில்தான் நிற்கிறாள். நீங்களே ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுங்கள், என்னால் ஆகாது.