பிறந்த வீட்டு அரிசி

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். வாளிகளில் தண்ணீர் பிடித்தேன். மகள் ரூபாவுக்குத் தலை பின்னினேன். வகிடு கோணலாக வந்தது. இட்லி ஊட்டி, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தொழிற்சங்கத்துக்குக் கிளம்பினேன். என் மனைவி பூங்குழலி போன மழைக்காலத்தில் காமாலையில் இறந்ததிலிருந்து ஞாயிறுகள் இப்படித்தான்.

மைசூரில் ஒரே கார்மென்ட்ஸில் இருவருக்கும் வேலை. அவள் தையல் மெஷினில், நான் ஸ்டோர்ஸில். இந்த ஊரில் ஒரு குடும்பம் பிழைக்க மாதம் எவ்வளவு வேண்டும் என்று பெண்களிடம் கேட்டு, சங்கம் சம்பளமாக ஒரு தொகை கேட்டிருந்தது. அதைப் பார்த்த மேனேஜர், இப்போதைய சம்பளமே ஏறக்குறைய அவ்வளவு வருகிறதே என்று சிரித்தாராம். திங்கட்கிழமை கடைசிப் பேச்சு.

தொகை குறைந்ததற்குக் காரணம் அரிசி. எங்கள் பெண்கள் பெரும்பாலும் ஹனூர், கொள்ளேகால் பக்கம். பிறந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் மூட்டை வரும். அதை யாரும் செலவாகச் சொல்லவில்லை. என் வீட்டுக்கு இப்போது மூட்டை வருவதில்லை. கடையில் வாங்குகிறேன். சம்பளம் மாதக் கடைசி வரை தாங்குவதில்லை.

அரிசியையும் சேர்க்க வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சம்மதிக்காமல் தொகையை மாற்ற முடியாது.

தையல் லைனில் எல்லோருக்கும் மூத்தவரான பழனாத்தாள் அக்கா சொன்னார்: "பொறந்த ஊட்டு அரிசிக்கு வெல போடச் சொல்றயே தம்பி. நாளைக்கு எங்காத்தா குடுத்த பாலுக்கும் வெல போடுவயாட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். பூங்குழலி இருந்தால் இதற்கு ஒத்துக்கொண்டிருப்பாளா என்று அவர்களில் ஒருத்தியான லீலா கேட்டாள். சங்கச் செயலாளர் பசவராஜ் என்னைத் தனியே அழைத்து, கூலிக்காகப் போராடச் சொல்லிவிட்டுத்தான் அவள் இறந்தாள் என்று சொல்லிவிடு, அடங்கிவிடுவார்கள் என்று கன்னடத்தில் சொன்னார். அவள் அப்படிச் சொல்லவில்லை என்றேன்.

திரும்பிவந்து, அவள் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியதை அப்படியே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அரிசி கடையில் என்ன விலை என்று பழனாத்தாள் அக்கா கேட்டார். சொன்னேன். சேர்த்துக்கொள் என்றார்.

பூங்குழலி சொன்னது இவ்வளவுதான்:

"எங்கம்மாளுக்குப் போன் போட்டு அரிசி போதும்னு சொல்லிப்போடுங்க. மூட்டைய நமக்கு ஏத்தி உட்டுப்போட்டு, அவங்க ரேசன் அரிசியத்தான் ஆக்கித் திங்கறாங்க."